ஒரே ட்ரிப்பில் ரவையும் கற்பூரமும்

புது மருமகளிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கலாம், குடோன் சாவியை மட்டும் கொடுக்கவே கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த மருமகள் நான்தான்.

என் மாமனாருக்குச் செங்கல்பட்டில் மளிகை மொத்த வியாபாரம். மில்லிலும் கம்பெனிகளிலும் சரக்கெடுத்து, மாமல்லபுரம் வரைக்கும் உள்ள சின்னக் கடைகளுக்கு வேனில் கொண்டுபோய்ப் போடுவார். ஒரு மூட்டை ரவையில் நிற்கிற லாபத்துக்கு ஒரு நல்ல டீ குடிக்கலாம். கூட வடையும் என்றால் கையை விட்டுப் போகும். அதே கடைக்காரர் அடுத்த வாரமும் வாங்க வேண்டும், அதற்கடுத்த வாரமும் வாங்க வேண்டும். போட்ட பணம் அப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால்தான் எங்களுக்குச் சோறு. மாமா இதை விளக்கியபோது பி.காம். படித்த தலையை நன்றாக ஆட்டினேன் (காதில் விழுந்தது 'டீசல் செலவு' என்பது மட்டும்).

ஏனென்றால் மாமல்லபுரம் பக்கம் வாரத்தில் இரண்டு முறை வேன் போகும். ஒரு நாள் ரவை, மைதா, பருப்பு. இன்னொரு நாள் சோப்பு, ஊதுபத்தி, கற்பூரம். பூஜைச் சாமான் தனியாகத்தான் போகணும் என்பார் மாமா. அதை நான் பக்தி என்று நினைத்துவிட்டேன். பக்திக்கெல்லாம் டீசல் போட்டால் வியாபாரம் உருப்படுமா?

மாமா வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில், இரண்டையும் ஒரே வேனில் ஏற்றினேன். இடம் போதவில்லை. கற்பூர அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, பாக்கெட்டுகளை ரவை மூட்டைகளின் இடுக்குகளில் என் கையாலேயே செருகினேன். மேலே தார்ப்பாய், அதற்கு மேலே சித்திரை வெயில். படூரில் ஆபீஸில் இருந்த கணவருக்குப் போன் போட்டு, எல்லாம் ஒரே ட்ரிப் என்று பெருமையடித்தேன்.

மறுநாள் காலை மாமல்லபுரத்தில் கடை வைத்திருக்கும் மேரி அக்கா கூப்பிட்டார். அங்கே ஒரு லாட்ஜுக்கு மளிகை போடும் ஆர்டருக்காக நடையாய் நடந்து, அப்போதுதான் வாங்கியிருந்தார். மகளை நர்சிங்கில் சேர்க்க அந்த ஆர்டரைத்தான் மலைபோல நம்பியிருந்தார். முதல் சரக்கே எங்கள் ரவை.

"இன்னாம்மா ரவ அனுப்பிக்கீற? உப்புமாவுல கற்பூர வாசன அடிக்குது. லாட்ஜுல கூப்டுறாங்க, வா."

வேறு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஓடினேன். லாட்ஜ் மேனேஜர் சத்தம் போடவில்லை. ஒரு தட்டு உப்புமாவை என் முன்னால் வைத்து, சாப்பிடச் சொன்னார். சமையல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வாய் வைத்தேன். நாக்கு ஜில்லென்றது, விழுங்கினால் சாமி வந்துவிடும் போலிருந்தது. கொஞ்சம் வாசமாத்தான் இருக்கு சார் என்றேன் (மானங்கெட்ட வாய்!).

"சாமிக்குப் படைச்சிட்டுத்தான் எங்களுக்குப் போடுவீங்களா?" என்று மேனேஜர் கேட்டார். என்னையல்ல, மேரி அக்காவைப் பார்த்து. தப்பு முழுக்க என்னுடையது என்று கெஞ்சினேன். வேறு ஆளிடம் சொல்லியாயிற்று என்று உள்ளே போய்விட்டார். மேரி அக்கா என்னைத் திட்டவே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடும்மா, வழிய மறிச்சிக்கினு நிக்குது" என்றார்.

மாமா திரும்பி வந்து, அந்தப் பக்கத்துக் கடைகளில் இறங்கிய ரவையையெல்லாம் மாற்றிக் கொடுத்தார். நஷ்டத்தை நினைத்து நான் அழுதபோது ஒன்றுதான் கேட்டார்.

"ரவ போனா மில்லுல வாங்கிக்கலாம்மா. அந்தம்மாவுக்கு லாட்ஜ யாரு வாங்கிக் குடுக்கறது?"

நாலு அறை கொடுத்திருந்தால்கூடத் தேவலை. தெரிந்த ஓட்டல்காரர்களிடமெல்லாம் மேரி அக்காவுக்காகக் கேட்டுப் பார்த்தார், ஒன்றும் தகையவில்லை. அதற்குள் நர்சிங் அட்மிஷன் தேதி தாண்டிப்போனது.

எங்கள் வீட்டில் இன்றும் உப்புமா என்றால் கணவர் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கொழுந்தன் பூஜை மணியைத் தேடுவான். மாமியார்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். நானும் சிரித்துவைப்பேன், வேறென்ன செய்வது.

மேரி அக்கா இன்னும் எங்களிடம்தான் சரக்கெடுக்கிறார், ரவையைத் தவிர. போன மாதம் வேனோடு நானும் போயிருந்தேன். நல்ல ரவை வந்திருக்கிறது, ஒரு மூட்டை இறக்கட்டுமா என்று கேட்டேன். கல்லாவில் அவர் மகள்தான் உட்கார்ந்திருந்தாள்; இப்போதெல்லாம் கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"வாணாங்க்கா, சோப்பு மட்டும் எறக்கு" என்றாள்.