கலியாண நாளில் ஒரு பெக்கப்

ஒழுங்கீனமான மனிதன் இடைக்கிடைதான் தொல்லை தருவான். ஒழுங்கானவன் தந்தால் முழுதாகத் தருவான். அத்தாட்சி என் கலியாண நாளின் நாட்குறிப்பு.

யுத்தம் முடிந்து சில வருடங்கள். முந்தலில் ஓர் இறால் பண்ணையில் வேலை. குளங்களின் உப்பு, சூடு, தீனி எல்லாம் பதிய நானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அதில் ‘பெக்கப்’ என்றொரு பொத்தான். அழுத்தினால் பதிவுகள் முழுவதற்கும் பிரதி எடுக்கும். இருபது நிமிட வேலை. புரோகிராமோ முப்பது விநாடிக்கு மேல் எதற்கும் பொறுக்காது, பிழை என்று கைவிட்டுவிடும். ஆகவே கால எல்லையில் முப்பதை அழித்துப் பூச்சியம் போட்டேன். பூச்சியம் என்றால் எல்லையே இல்லை. கியாமத்து நாள் வரை காத்திருக்கும். (பெரிய கெட்டித்தனம் என்று குறித்தும் வைத்தேன்.)

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கற்பிட்டியில் நிக்காஹ். பத்து நாள் லீவில் போகிறவன் பிரதி எடுக்காமல் போகலாமா? காலை ஏழு மணிக்குப் பண்ணை அலுவலகத்தில் பொத்தானை அழுத்தினேன்.

7.30 ஓடுகிறது. 8.30 ஓடுகிறது. 10.00 கலியாணச் சட்டை போட்டாயிற்று. ஓடுகிறது.

பன்னிரண்டுக்கு என் மூத்த சகோதரர், நானா, புத்தளத்திலிருந்து வேனோடு வந்துவிட்டார். உள்ளே உம்மாவும் சொந்தக்காரரும்.

“டேய், மாப்புள எங்கன்னு பொண்ணு வீட்டுல மூணு தரம் கோல் எடுத்துட்டாங்க. வா!”

“ஓம் நானா, இந்தா முடியப் போகுது. இடையில விட்டா எல்லாம் பழுதாப் போயிடும்.”

“நீ இறாலையா நிக்காஹ் பண்ணப் போறாய்?”

நானாவுக்குத் தெரிந்தது படகு எஞ்சின் மட்டும். பக்கத்துக் கணினியை எட்டிப் பார்த்தார். “இதுல என்னமோ பாதி எழுதிக் கிடக்கே?”

ஏழாம் குளத்தின் பதிவு. ஓர் உப்பு அளவில் சந்தேகம். பிறகு சரிபார்க்கலாமென்று முந்தின நாள் நானே சேமிக்காமல் திறந்து வைத்தது. ஒரு பதிவு திறந்து கிடந்தாலும் பெக்கப் தொடங்காது. மூடும்வரை காத்து நிற்கும். ஐந்து மணி நேரமாக அது எனக்காகக் காத்திருந்தது, நான் அதற்காக.

மூடினேன். இருபது நிமிடத்தில் முடிந்தது. (ஓம், அந்த இருபது நிமிடமும் உட்கார்ந்துதான் இருந்தேன். வேன் ஹோர்ன் ஓயவேயில்லை.)

மௌலவி வேறொரு நிக்காஹ்வுக்குப் போய்த் திரும்பி, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு எங்களுடையதை முடித்துவைத்தார். விருந்தாளிகள் புரியாணியை முன்னரே முடித்துவைத்திருந்தார்கள்.

இன்றும் வீட்டில் நான் “கொஞ்சம் பொறுங்க” என்றால் மகள் கேட்பாள்: “வாப்பா, முப்பதா, பூச்சியமா?”

குசினியிலிருந்து மனைவியின் குரல் வரும்: “அண்டைக்கு நானும் பூச்சியம் போட்டபடியாத்தான் இந்த மனுசனுக்குக் கலியாணம் நடந்துச்சு.”