நாலு ரிவர்ஸ் கியர்

ரேஸ் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, கியர்பாக்ஸ் மெக்கானிக் இரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த ஒற்றை சீட் ரேஸ் கார், முதல் கியரில் பின்னால் போனது.

அடுக்கியிருந்த டயர்களைச் சாய்த்துவிட்டு நின்றது. மெக்கானிக் உள்ளே இருந்த டிரைவரிடம் இரண்டாவது கியரைப் போடச் சொன்னார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ரிவர்ஸ் கியரைப் போட்டதும் மரியாதையாக முன்னால் வந்தது. மைதானத்தின் பின்மூலை என்பதால் மற்றப் போட்டியாளர்கள் யாரும் பார்க்கவில்லை. அந்த மட்டில் நிம்மதி.

காரணம் விளங்க அவருக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. ரேஸ் காரில் எஞ்சின் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் உட்காரும். அதற்காகப் பழைய கார் ஒன்றின் கியர்பாக்ஸைத் திருப்பி வைத்து மாட்டியிருந்தார். பெட்டியைத் திருப்பினால் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றும். இதை இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் விளக்கிச் சொல்லி வந்தவரும் அவரேதான். குறி சொல்லும் பல்லிதான் கழனிப் பானையில் விழும்.

வீட்டில் மனைவியோடு உடன்படிக்கை ஒன்று இருந்தது. கோப்பையோடு வந்தால், வண்டி செய்த ஷெட் அவருக்கு. வெறுங்கையோடு வந்தால் வண்டி பழைய இரும்புக்கு, ஷெட் மாமனாருக்கு. மாமனார் அளவு நாடாவோடு கேலரியில் உட்கார்ந்திருந்தார். ஷெட்டில் போடப்போகும் கட்டிலில் தலை எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் அவர் இன்னும் முடிவு செய்யாதது.

முதலில், இருக்கிற ஒரே முன் கியரிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். கூடவே பெருக்கிக்கொண்டு வந்த துப்புரவுக்காரர், வண்டி வந்து சேரட்டும் என்று அங்கங்கே நின்று நின்று போனார்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. நாலு கியரும் பின்னால் போகிறதென்றால் பின்னாலேயே ஓட்டினால் என்ன? போட்டிப் பரிசோதகர் விதிப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிவிட்டு, வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை என்று வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

கூலிக்குப் பிடித்த டிரைவர் ஹெல்மெட்டோடு திரும்பிப் பார்த்தார். கழுத்து திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. ஆம்புலன்சுக்கு நடந்து போகும்போதும் மெக்கானிக்கையே முறைத்தபடி போனார்.

மெக்கானிக் வீட்டுக்கு போன் போட்டு, மனைவியின் டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வரும்படி மச்சினியிடம் சொன்னார். அதை வண்டி மூக்கில் மாட்டினால் உட்கார்ந்தபடியே பின்னால் பார்க்கலாம். மச்சினி அதைத் தூக்கிக்கொண்டு வந்ததைக் கேலரியிலிருந்து பார்த்துவிட்ட மனைவி இறங்கி வந்து உடன்படிக்கையைத் திருத்தினாள். கோப்பை மட்டும் போதாது, கண்ணாடியும் கீறல் இல்லாமல் வர வேண்டும்.

"கண்ணாடி இருக்கு. ஓட்ட ஆள்தான் இல்லை" என்றார் மெக்கானிக்.

மச்சினி சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள். குடோனில் நாற்பது அடி லாரிகளை நாள் முழுக்க ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதுதான் அவள் வேலை.

"தள்ளுங்க அத்தான். முன்னாடி ஓட்டச் சொன்னாத்தான் எனக்குக் கஷ்டம்."

கண்ணாடியை முடுக்கி முடிப்பதற்குள் மற்ற பத்து கார்களும் புறப்பட்டுப் போய்விட்டன. அரைச் சுற்று தாமதமாக இவள் கிளம்பினாள். வால் முன்னே, மூக்கு பின்னே, அதற்கும் பின்னே புழுதி.

மெக்கானிக் நின்ற இடத்திலிருந்து நேர்ப்பாதை மட்டும்தான் தெரியும். வளைவுகள் எல்லாம் மேட்டுக்கு அந்தப் பக்கம். முதல் சுற்றில் பத்து கார்களும் சீறிக்கொண்டு போயின. இரண்டாம் சுற்றில் ஏழுதான் வந்தன. மூன்றாவதில் நாலு. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஐந்தாம் சுற்றில் மச்சினி மட்டும், யாரையோ திட்டிக் கையை ஆட்டியபடி, பின்பக்கமாக வந்து பின்பக்கமாகவே போனாள்.

அதன் பிறகு பாதையில் வேறு யாருமே இல்லை. பத்தாம் சுற்று முடிந்து அவளுக்காகவே கொடி இறங்கியது.

மாமனார் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். மனைவி முதலில் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். பத்திரிகைக்காரர் ஒருவர் வெற்றியின் ரகசியம் கேட்டார். மெக்கானிக் கோப்பையை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, வால்பக்கம் காற்றைக் கிழிக்கும் நுட்பத்தை விளக்க ஆரம்பித்தார். கியர்பாக்ஸைத் திருப்பி மாட்டியது திட்டமிட்டுச் செய்ததுதான் என்றார். தன் வண்டியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் போய்ப் பத்து எஞ்சின்களும் படுத்துவிட்டன, பாவம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, போன வருஷம் கோப்பை வாங்கிய டிரைவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான்.

"மன்னிச்சுக்கங்க சார். அந்த அக்கா வண்டி மூக்கு எங்களைப் பார்த்தபடி எதிர்ல வர்ற மாதிரி தெரிஞ்சதும், நாங்க பத்துப் பேரும்தான் ராங் ரூட்ல போறோம்னு நினைச்சு ஓரமா நிறுத்திட்டோம்."