நாலு கால் உள்ளவருக்கே நாலு சக்கரம்

ஒரு காட்டில், ஏரிக்குக் கீழே டிராக்டர் வந்து இறங்கிய அன்று கூடியிருந்தவர்கள்: யானை, கரடி, எருமை, நரி, ஆமை, முயல்கள் இரண்டு, வாத்து, சேவல், பாம்பு, மரவட்டை. ஆகப் பதினொன்று. கொசுக்களும் இருந்தன. அவற்றை யாரும் அழைக்கவில்லை என்பதால் சேர்க்கவில்லை.

டிராக்டர் காட்டுக்குப் பொது. வயல் உள்ளவர்கள் முறை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. வண்டியைக் கொண்டுவந்து விட்ட மனிதன் போகும்போது, சீட்டுக்கு அடியில் இருந்த ஒரு சின்னக் கம்பியைக் காட்டினான். கம்பியைத் தூக்கினால் பின்சக்கரம் இரண்டும் இழுக்கும். அமுக்கினால் முன்சக்கரமும் சேர்ந்து நாலும் இழுக்கும்.

"ரோட்டுல ரெண்டு போடுங்க, சேத்துல நாலு போடுங்க. சேத்துல மாட்டிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால், 'ரெண்டு', 'நாலு' என்பவை மட்டும்தான் சபையின் காதில் விழுந்தன.

"ரெண்டுன்னா யாருக்கு, நாலுன்னா யாருக்கு?" என்று தலைவராக இருந்த யானை கேட்டது.

நரி தன் கால்களைக் குனிந்து பார்த்தது. பிறகு சேவலின் கால்களைப் பார்த்தது. "இதுல என்ன தலைவரே சந்தேகம்? நாலு கால் உள்ளவங்களுக்கு நாலு. ரெண்டு கால் உள்ளவங்களுக்கு ரெண்டு."

சபையில் நாலு கால் உள்ளவர்கள் ஏழு பேர். விளக்கம் அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது.

"அவர் அப்படிச் சொல்லலீங்க" என்றது வாத்து. அதன் பெயர் செங்கமலம். அந்த மனிதனின் காலடியிலேயே நின்றிருந்ததால் அதற்கு முழுவதும் கேட்டிருந்தது. "சேத்துக்குத்தான் நாலுன்னார்."

"உனக்குக் கால்லயே பாதி. காதுல மட்டும் முழுசா விழுந்துடுச்சாக்கும்?" என்றது கரடி. முயல்கள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன.

"அப்ப எனக்கு?" என்றது பாம்பு.

"உங்களுக்கு நியூட்ரல், ஐயா" என்றது நரி.

பாம்புக்குத் திருப்தி. மரவட்டையும் கேட்டது. அதற்கு ஏற்ற வண்டி இன்னும் வரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு கால் உள்ளவர்கள் கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆமையைக் காவலுக்குப் போட்டார்கள்.

முதலில் ஓட்டியது கரடி. கரடிக்கு வயல் கிடையாது. ஆனாலும் நாலு கால் இருந்தது. கம்பியை அமுக்கி, ஏரிக்கரைத் தார்ச்சாலையில் அத்திமரம் வரைக்கும் போவதும் வருவதுமாக இருந்தது. திருப்பங்களில் ஸ்டியரிங் திரும்ப மாட்டேன் என்றது. முன்டயர்கள் தாரில் உரசி அலறின. "பாத்தீங்களா, வண்டியே நமக்கு வழிவிடச் சொல்லி ஊருக்குக் குரல் கொடுக்குது" என்றது கரடி. பிறகு எருமை ஓட்டியது. பிறகு முயல்கள், ஒன்றின் மடியில் ஒன்றாக. வாத்தின் முறை வருவதற்குள் முன்டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன.

வாத்துக்கு இருந்தது ஏரி மடைக்குக் கீழே ஒரே வயல். அதற்கு ஐந்து குஞ்சுகள். நாற்று வளர்ந்து, கணு விடுகிற பதத்தில் நின்றது. இன்னும் இரண்டொரு நாளில் சேறடித்து நடாவிட்டால் நாற்று வைக்கோலுக்குத்தான் ஆகும். அந்த வயல் விளையாவிட்டால் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஏரி தேடிப் போக வேண்டியதுதான். செங்கமலம் பறந்து போய்விடலாம். குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை.

வாத்து, விதிப்படி இரண்டே சக்கரத்தில், டிராக்டரை வயலில் இறக்கியது. ஒரு சால் ஓடியது. இரண்டாவது சாலில் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. சேறு பறந்தது. பின்பக்கம் மெல்ல அமுங்கியது. வாத்து கம்பியின் மேல் காலை வைத்தது.

கம்பிக்குப் பக்கத்தில் கிடந்த ஓட்டுக்குள்ளிருந்து ஆமையின் தலை வெளியே வந்தது. "காலை எடும்மா."

"அண்ணே, இப்பப் போட்டா ஏறிடும். அடிவயிறு தரையில உக்காந்துடுச்சுன்னா அப்புறம் நாலு போட்டும் பிரயோஜனமில்ல."

"உனக்கு எத்தனை கால்?"

"ரெண்டுண்ணே."

"அப்புறம் என்ன பேச்சு?"

வரப்பில் நின்றிருந்த சேவல் ஒரே தாவலில் சீட்டில் ஏறியது. அதன் பெயர் வைரக்கண்ணு. பக்கத்து வயல்காரன். "அவளுக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. கூட்டிப் பாரும்யா!"

ஆமை கூட்டிப் பார்த்தது. நாலு வந்தது. மறுபடியும் கூட்டியது. மறுபடியும் நாலே வந்தது. அதன் முகத்தில் கவலை தெரிந்தது.

"இதை நானா முடிவு பண்ண முடியாது. தலைவர்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன். கம்பியைத் தொட்டீங்கன்னா வண்டியைப் பிடுங்கிக்குவாங்க, ஞாபகம் வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு ஆமை கிளம்பியது.

நடந்துதான் போனது.

ஆமை திரும்பி வந்தது மறுநாள். அனுமதி கிடைத்திருந்தது. அதற்குள் டிராக்டர் அடிவயிறு வரை இறங்கி, குளிக்க வந்த எருமை மாதிரி உட்கார்ந்திருந்தது. வாத்து கம்பியை அமுக்கியது. நாலு சக்கரமும் அழகாகச் சுற்றின. முன்சக்கரம் முன்னால் ஒரு குழி தோண்டியது. பின்சக்கரம் பின்னால் ஒரு குழி தோண்டியது. வண்டி நேர் கீழாக இன்னும் ஒரு முழம் போயிற்று.

"வண்டி முழுகுது!" என்று சேவல் கூவிய கூவலில் காடே திரண்டு வந்தது.

"நான் அப்பவே சொல்லலை? ரெண்டையும் ரெண்டையும் கூட்டினா அது சுத்தமான நாலு ஆகாது" என்று நரி வரப்பில் நின்று விளக்கியது. விளக்கும்போது கால் வழுக்கி உள்ளே விழுந்தது.

யானை கயிற்றோடு இறங்கியது. கரடி பின்னால் நின்று தள்ளியது. முயல்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடின. எருமை உதவிக்கு வந்து, வந்த காரியத்தை மறந்து படுத்துப் புரண்டது. "இந்தப் பக்கம்!" என்றது கரடி. "அந்தப் பக்கம்!" என்றது நரி. யானை இரண்டு பக்கமும் இழுத்தது. வயலின் நாலு மூலைக்கும் மிதித்துக்கொண்டு போனார்கள், வந்தார்கள். பொழுது சாயும்போது யானை மூச்சைப் பிடித்து ஒரே இழு இழுத்தது. வண்டி வெளியே வந்தது. கயிறு கட்டியிருந்த முன்டயர் மட்டும் தனியே கழன்று யானையோடு போய் வரப்பில் விழுந்தது.

சபை அங்கேயே கூடியது. சேற்றில் நாலு போட்டதால்தான் வண்டி முழுகியது என்று நரி எடுத்துச் சொன்னது. இனி நாலு தார்ச்சாலைக்கு மட்டும் என்று முடிவாயிற்று. "நஷ்டத்துக்கு வாத்து என்ன சொல்லுது?" என்றது யானை.

திரும்பிப் பார்த்தார்கள். வாத்தும் ஐந்து குஞ்சுகளும் வரிசையாக நின்று நட்டுக்கொண்டிருந்தன. வயல் தோசைமாவு மாதிரி குழைந்து கிடந்தது. எந்தக் கலப்பையும் அப்படிச் சேறடித்ததில்லை.

"ஏ வாத்து, என்ன பண்றே அங்க?"

"உங்க காலடி பட்ட மண்ணு, தலைவரே. சும்மா விட மனசு வரல."

யானைக்கு அது மரியாதையாகத் தோன்றியது. நஷ்டத்தைப் பற்றி மேலே பேசவில்லை.

எல்லாரும் கழுவிக்கொள்ள ஏரிக்குப் போன பிறகு சேவல் வந்து குனிந்து கேட்டது. "அக்கா, நாளைக்கு என் முறை. ரெண்டு போடட்டுமா, நாலு போடட்டுமா?"

"எதையாவது போடு, வைரக்கண்ணு. சத்தம் மட்டும் இன்னைக்கு மாதிரியே பெருசாப் போடு."

"டயர் மூணுதானே இருக்கு?"

"மாட்டிக்கிறதுக்கு மூணு போதும்."

நீதி: சேற்றில் இறங்கு முன் நாலு சக்கரத்தைப் போடு, விடமாட்டார்கள் என்றால் நன்றாக மாட்டிக்கொள். உழ வராதவர்கள் எல்லாரும் தூக்கிவிட வருவார்கள்.

மீதி: நட்டது போக, நாற்று ஏழு கட்டு.