திரேஸ்புரத்துச் சொட்டுமருந்துப் போர்

ஆழியின் அடிவயிற்றைத் துழாவிய அடலேறே, பத்துப் பாக ஆழத்து இருளில் சங்கு பறித்த சமர்த்தனே, சுறாவைக் கண்டும் சுளியாத திருமுகத்தானே, திரேஸ்புரத்துச் சங்குகுளி ஆன்டனியே, நீ வாழி! உன் தோல்வியைப் பாடத்தான் வந்தோம், கோபித்துக்கொள்ளாதே.

பகை யாதெனில், அவன் ஐந்து வயது மகள் ஸ்டெஃபியின் மூக்குக்குப் பின்னே வீங்கிக் கிடந்த அடினாய்டு என்னும் சதை. அதனால் பிள்ளை வாய் திறந்தே உறங்கினாள். பாதி உறக்கத்தில் மூச்சுத் திணறி விழித்தாள். கத்தி இப்போதைக்கு வேண்டாம், முதலில் உப்புத்தண்ணீர்ச் சொட்டு, பிறகு மூக்கில் அடிக்கிற மருந்து, மூன்று மாதம் தவறாமல் போகட்டும், அதற்கும் வழிவிடாவிட்டால் அறுவைதான் என்று டாக்டரம்மா திருவாய் மலர்ந்தார். அறுவை என்ற சொல் செவிப்பட்டதும் சுறாவுக்கு அஞ்சாத நெஞ்சம் நெத்திலியாய்ச் சுருங்கிப்போயிற்று.

ஆகவே ஞாயிறு காலை, பூசை கண்டு வந்த கையோடு, குப்பியெனும் வேலேந்தி, துவாலையெனும் கேடயம் தாங்கி, வாயிற்காவலுக்கு மனைவி ஜெனோவாவை நிறுத்தி, மகள் பதுங்கிய கட்டிலடிக் கோட்டையை முற்றுகையிட்டான் மாவீரன். முதற்சொட்டு தலையணைக்குப் போயிற்று. அடுத்தது அவன் கண்ணிலேயே பாய்ந்தது. அதற்கடுத்தது எங்கே போனதென்று மாதாவுக்கே வெளிச்சம். அப்போது கோட்டைக்குள்ளிருந்து எழுந்தது பிரகடனம்:

“மூக்குல உப்புத்தண்ணி ஏறுனா செத்துப்போவோம்னு நீதானப்பா சொன்ன.”

குப்பியைத் தாழ்த்தினான் தீரன். கடற்கரைக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் அந்தச் சட்டத்தை அவள் தலையில் ஏற்றியவன் சாட்சாத் அவனேதான். பெற்ற மகளிடம் இப்படியா வகையாக மாட்டிக்கொள்வது! ஜெனோவா வேறு முந்தானைக்குள் சிரித்துத் தொலைத்தாள்.

வேறு வழியின்றி, வெறுந்தரையில் மல்லாந்து, தன் மூக்கிலேயே சொட்டுவிட்டான் தன்னிகரில்லான். தும்மினான், துடித்தான், மீசை வழியே கண்ணீர் ஒழுகக் கதிகலங்கிக் கிடந்தான். கட்டிலடியிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

“செத்துட்டியாப்பா?”

“இல்லளா.”

கோட்டை திறந்தது. ஆயினும் வென்றவள் விதித்த நிபந்தனை கொடிது: தினமும் முதற்சொட்டு அப்பாவுக்கு. கடலையே கலக்கியவன் அன்றாடம் காலையில் மகள்முன் மல்லாந்து, தும்மி, அவள் கைதட்டலுக்கு ஆளாகி, அதன்பிறகே, கப்பம் செலுத்தியவனாய், அவள் மூக்குக்குச் சொட்டும் மருந்தும் விட்டுத் தன் கடமையை முடித்தான். மூன்று மாதம் கழித்துச் சோதித்த டாக்டரம்மா, வீக்கம் வடிந்திருக்கிறது, அறுவை வேண்டாம் என்று அபயமளித்தார்; அவன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுவிட்டான்.

இப்போது பாப்பா வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள், அப்பாவுக்கும் மூக்கடைப்பு இல்லை.