பதினான்காம் மாடியில் தொங்கிய என் பூட்டு

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உடம்பளவில் சுகம். நீங்களும் அக்காவும் சுகம்தானா என்று போனில் கேட்கலாமென்றால், பதினோரு நாளாக நீங்கள் போனை எடுப்பதில்லை. அக்காவோ நான் கொடுத்தனுப்பிய டிபன் கேரியரைக் கழுவித் துடைத்து, உள்ளே ஒன்றும் வைக்காமல் வெறும் பாத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் எனக்கு இப்படிச் செய்ததில்லை. அடுக்கு அடுக்காகத் திறந்து பார்த்தபோதே நிலைமை புரிந்துவிட்டது. ஆகவே இந்தக் கடிதம்.

உங்கள் மகளின் கல்யாண வரவேற்பு மேடையில், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால், ஹெல்மெட்டும் சிமெண்ட் தூசியுமாக ஆறு பேர் ஏறி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்களே, அது ஏன் என்று அன்றைக்கே கேட்டீர்கள். கேட்டீர்கள் என்ன, பல்லைக் கடித்தீர்கள். நான் அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது ஒன்று விடாமல் சொல்கிறேன்.

நான் கரண்ட் வேலைக்கு மேற்பார்வை பார்க்கும் கட்டடத்தில் ஒரு சட்டம் உண்டு. போட்டவன் நான்தான். வயரில் கை வைக்கப் போகிறவன் முதலில் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, தன் போட்டோ ஒட்டிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். 'ஆள் வேலையில் இருக்கிறார், கை வைக்காதே' என்று அட்டையில் இருக்கும். சாவி அவன் பாக்கெட்டில். வேலை முடிந்ததும் அவனே வந்து திறக்க வேண்டும். வேறு யாரும், நானே ஆனாலும், அதைத் தொடக் கூடாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இதைத் தினமும் காலையில் இருநூறு பேரை வரிசையில் நிற்க வைத்து ஒப்பிக்கச் சொல்வேன்.

எங்களிடம் மீசைக்காரர் என்று ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், இடது முழங்காலில் வலி. ஒருநாள் பூட்டை எடுக்க மறந்து டீ குடிக்கப் போய்விட்டார். பத்தே நிமிஷம்தான். மறுநாள் காலையில் நான் அவரை ஒரு பெட்டிமேல் ஏற்றி நிறுத்தி, "என் பூட்டு என் உயிர்" என்று இருநூறு பேர் கேட்க இருபது தடவை சொல்ல வைத்தேன். பதினெட்டாவது தடவை அவருக்குக் குரல் உடைந்தது. நான், "இன்னும் ரெண்டு பாக்கி" என்றேன். அத்தான், நான் அப்படித்தான் சொன்னேன்.

வரவேற்பு நாளுக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் முதலாளி வந்து லிஃப்டில் முதல்முதலாக ஏறிப் பார்ப்பதாக ஏற்பாடு. மத்தியானம் நான் பதினான்காம் மாடிக்குப் போய், லிஃப்ட் மோட்டாருக்குப் போகும் சுவிட்சில் என் பூட்டைப் போட்டு வயர்களைச் சரிபார்த்தேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் மூன்று தடவை போன் செய்தீர்கள். "மண்டபத்து ஜெனரேட்டர் புகையுதுப்பா, நம்ம குடும்பத்துல கரண்ட் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான், உடனே கிளம்பு" என்றீர்கள். அந்தப் பதற்றத்தில் படியிறங்கி, ஆபீசில் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு, முன் கேட்டில் மேனேஜர் நின்றதால் பின் கேட் வழியாக வந்துவிட்டேன். பூட்டு மறந்தே போய்விட்டது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பாதிப் பொறுப்பு உங்களுடையது என்று மட்டும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். போட்டோ எடுக்கும்போது போன் அடிக்கக் கூடாது என்று அதன் வாயை அடைக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

அங்கே நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலாளி வருகிற நேரமாகிவிட்டது, லிஃப்ட் அசையவில்லை. மேலே போய்ப் பார்த்தால் என் பூட்டு, என் போட்டோ. மேனேஜர் குதித்திருக்கிறார். "கட்டரை எடுத்து வெட்டிப் போடுய்யா!"

மீசைக்காரர் குறுக்கே நின்றிருக்கிறார். "முடியாது சார். பூட்டு தொங்குதுன்னா ஆளு உள்ள இருக்காருன்னு அர்த்தம். அவரு சொல்லிக் குடுத்ததுதான். கேட் நோட்டுல வந்த கையெழுத்து இருக்கு, போன கையெழுத்து இல்ல. போன் அடிச்சா எடுக்கல. எங்கயோ விழுந்து கெடக்காரு. மொதல்ல ஆளத் தேடுவோம்."

தேடியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாடியாக, வயர் போகும் ஒவ்வொரு சந்தாக, "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டு. லிஃப்ட் குழிக்குள் கயிறு கட்டி இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தவரும் மீசைக்காரர்தான். ஒரு மணி நேரம் கழித்து எதிர்க்கடை டீ மாஸ்டர், "அவரா? புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் பின்பக்கமா போனாரே, வாசனைகூட அடிச்சுதே" என்று சொல்லியிருக்கிறார். ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த உங்கள் வீட்டு அழைப்பிதழைக் கிழித்துக்கொண்டு ஆறு பேரும் கம்பெனி வண்டியில் ஏறிவிட்டார்கள்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். மீசைக்காரர் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, "இருக்கீங்களா சார்? நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். அப்புறம்தான் அழுதார். சாவியைக் கேட்கவே மறந்துவிட்டார், பின்னால் நின்றவர் ஞாபகப்படுத்தினார். உங்கள் சம்பந்தி, "இவங்கல்லாம் யாரு?" என்று கேட்க, நீங்கள், "மச்சான் ஆபீஸ் ஆளுங்க, வாழ்த்த வந்திருக்காங்க" என்று சமாளித்தீர்கள். "இவ்ளோ பாசமா!" என்று அவர் வாயைப் பிளந்தார். அந்த நேரத்தில்தான் போட்டோக்காரர், "எல்லாரும் இங்க பாத்துச் சிரிங்க" என்றார். போட்டோ வந்திருக்கிறது. பொண்ணு திகைத்து நிற்கிறாள், மாப்பிள்ளை ஒதுங்கி நிற்கிறார், நீங்கள் பல்லைக் கடிக்கிறீர்கள், ஆறு பேர் அழுகிறார்கள். நான் ஒருவன் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தான், கூசிப்போய் இருக்கிறேன். மறுநாள் வேலைக்குப் போனால் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டேன், முதலாளியிடம் கேட்டேன், சம்பந்தி காலில் விழாத குறையாகக் கேட்டேன், இப்போது உங்களிடமும் அக்காவிடமும் கேட்கிறேன். மறதி மனிதனுக்கு வருவதுதானே. மீசைக்காரரிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. அவரைப் பார்த்தாலே எனக்கு அவரை ஏற்றி நிறுத்திய அந்தப் பெட்டிதான் ஞாபகம் வருகிறது.

புதுமணத் தம்பதி நூறு ஆண்டு ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சிரித்து வாழட்டும். அக்காவின் கோபம் அடுத்த டிபன் கேரியருக்குள்ளாவது தணியட்டும்.

என்றும் உங்கள் பணிவுள்ள,
மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். மறந்துவிட்டேன் என்பது பொய். பின் கேட்டைத் தாண்டும்போதே பூட்டு ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் என் பூட்டால் லிஃப்ட் நின்றிருந்ததால், திரும்பவும் பதினான்கு மாடி நடந்து ஏற வேண்டும். புதுச் சட்டை வியர்த்துவிடும், யார் கேட்கப் போகிறார்கள் என்று வந்துவிட்டேன். உங்கள் போன்மேல் பழி போட்ட பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதே பதினான்கு மாடியை அந்த முழங்காலோடு மீசைக்காரர் இரண்டு தடவை ஏறி இறங்கியிருக்கிறார். அவர் வீடு உங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான் என்பதால், இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் உறையை ஒட்டவில்லை. வழியில் படித்திருந்தால் அவர் முகத்திலேயே தெரியும். ஒன்றும் கேட்காமல், முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள்.