பற்கள் நலம், கதை பாதியில்

அன்பு மகளுக்கு அப்பா ஆசிகளோடு எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். குறிப்பாக என் பற்கள் அனைத்தும் நலம். பிரச்சினையே அதுதான்.

நேற்று போனில் நீ, "அப்பா, மறைக்காம சொல்லுங்க, தினமும் பல் டாக்டர்கிட்ட போறீங்களாமே, வாயில என்ன?" என்று அழாத குறையாகக் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை போனை வாங்கி, "மாமா, அடுத்த மாசத்துக்கு டிக்கெட் போட்டாச்சு. மூணு மாசம் இங்க வந்து இருங்க, பெரிய ஆஸ்பத்திரில காட்டிடலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு ஒரு நோயும் இல்லையம்மா. ஒரு நாவலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்பதால் கடிதம். முழுவதும் படித்துவிட்டு அந்த டிக்கெட்டைத் தள்ளிப்போடு.

கடைவாய்ப் பல் வலித்து நான் போனது உனக்குத் தெரியும். டாக்டரம்மா ஊசி போட்டார். போட்டுவிட்டு, துளையிடும் சாமான்கள் இருக்கிற இழுப்பறையைத் திறந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளிருந்து எடுத்ததோ செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். "மரத்துப் போக கொஞ்ச நேரம் ஆகும் சார். இதைப் படிக்கணும்னு காலேஜ்ல இருந்தே ஆசை, நேரமே கிடைக்கல. அதான் காலைல முதல் ஊசிக்கு ஒரு பக்கம்னு வச்சிருக்கேன். நீங்களும் கேளுங்க, காதுக்கு ஊசி போடலையே" என்று சொல்லிவிட்டு, சக்கர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். நான் வேலையில் இருந்த காலமெல்லாம் வாசித்தது கரன்ட் மீட்டர் மட்டும்தான் என்பது நீ அறியாததல்ல. அன்றைய பக்கத்தில் ஒரு தாய் வாசலில் நின்று ஆற்றைப் பார்க்கிறாள். பக்கம் முழுக்கப் பார்க்கிறாள், வேறு ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் நீ கல்யாணமாகிப் போன அன்று, வண்டி திரும்பிய பிறகும் நான் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதை அப்படியே எழுதியிருந்தது. இதை எழுதிவிட்டு எப்போதோ செத்துப்போன ஒரு மனுஷன், இங்கே வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற என்னை எப்படித் தெரிந்து வைத்திருந்தான்? மேலே எரிகிற விளக்கைப் பார்த்தபடி மலைத்துப்போய்க் கிடந்தேன். பல்லைத் துளைத்ததே தெரியவில்லை.

மறுநாளிலிருந்து முதல் டோக்கன் என்னுடையது. மீட்டர் பார்க்கத் தெருத்தெருவாக அலைந்த காலத்தில் பல்லைக் கவனிக்காமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே கேட்டேன். கதை என்னவென்றால், தம்பிக்குக் கடும் ஜுரம், மருந்து வாங்க அண்ணன் வெள்ளத்தில் படகை எடுத்துக்கொண்டு போகிறான். மூன்றாம் நாள் படகு கவிழ்ந்து ஒதுங்கிக் கிடக்கிறது. ஆளைக் காணோம். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா என் வாயில் கண்ணாடியை விட்டுப் பார்த்து, "எல்லாம் முடிஞ்சுது சார், இனி நீங்க வரவே வேண்டாம்" என்கிறார். கதைக்காக மட்டும் வந்து உட்காரலாமா என்று கேட்டுப் பார்த்தேன். வரவேற்பு மேஜையில் இருக்கிற பெண் ரொம்பக் கறார். "பல் காட்ட வர்றவங்களும் துணைக்கு வர்றவங்களும்தான் உள்ள உக்காரலாம்" என்றுவிட்டாள். உன் அம்மாவைப் பல் சுத்தம் செய்யக் கூட்டிப் போனேன். பக்கத்து வீட்டுக்காரரை, சிரித்தால் பல் மஞ்சளாகத் தெரிகிறது என்று சொல்லிக் கூட்டிப் போனேன், அவர் இப்போது என்னைப் பார்த்தால் சிரிப்பதில்லை. ஆள் தீர்ந்த பிறகு வாசலில் நின்று, தனியாக வந்து நடுங்குகிறவர்களிடம், "துணைக்கு வரட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தேன். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லையம்மா.

புத்தகத்தை வாங்கி வீட்டிலேயே படிக்கலாமே என்பாய். படித்தால் ஒரே மூச்சில் விழுங்கிவிடுவேன். டாக்டரம்மாவே அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பக்கத்தை நாளெல்லாம் மனதில் போட்டுக்கொண்டு திரிகிற சுகம் தனி. சாயங்காலம் உன் அம்மாவிடம் சொல்வேன். அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்கலங்கக் கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை அவள் இப்படிக் கேட்டதே இல்லை.

போன வாரம் ஒரு லாரி டிரைவர் வந்தார். கதவை அடைக்கிற உடம்பு, ஊசியைப் பார்த்ததும் என் கையைப் பிடித்தார் பார், விரலெல்லாம் நொறுங்கியது. டாக்டரம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. புத்தகத்தை என்னிடம் நீட்டி, "நீங்களே வாசிங்க சார்" என்றார். கரையில் கட்டிய அந்த வெறும் படகில் தம்பி ஏறி உட்காருகிற பக்கம். உட்கார்ந்தவன் ஓரமாக உட்கார்ந்து, அண்ணனுக்கு இடம் விட்டிருக்கிறான். நான் படிக்கப் படிக்க டிரைவரின் பிடி தளர்ந்தது. கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. மரத்த வாயோடு, "அண்ணன் வந்துடுவாரா?" என்று கேட்டார். டாக்டரம்மா கையில் கருவியோடு வேலையை மறந்து நின்றார். கதவோரம் அந்தக் கறார்ப் பெண். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மீட்டர் வாசித்த குரலம்மா இது! இன்று காலை டிக்கெட் விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா, "நீங்க ஊருக்குப் போயிட்டா புத்தகத்தை மூடி வச்சிடுவோம் சார்" என்றார். அண்ணன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் நான் எப்படி மூன்று மாதம் அங்கே வந்து உட்காருவேன்?

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேத்தியின் பால் பற்களுக்கு ஆயிரம் முத்தம். எல்லோரும் பல்லும் சொல்லும் உறுதியாக நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
அப்பா.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எல்லாம் சரிதான். ஆனா படகு கவுந்தப்ப அவன் அதுல இல்லைல்ல, முன்னாடியே அக்கரையில எறங்கிட்டான்ல" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது அதே நாவல், லைப்ரரி புத்தகம். எப்போதோ முடித்துவிட்டாளாம். "அப்புறம் எதுக்குடி தினமும் அழுதுக்கிட்டுக் கேட்ட?" என்றேன். "புஸ்தகத்துல அவன் வந்துடுவான்னு தெரியும். நீங்க சொல்றப்ப வருவானான்னு எனக்கே பயமா இருந்துச்சு" என்கிறாள். ஆக, மேலே நான் எழுதிய காரணம் எதுவும் இனி செல்லாது. இருந்தாலும் டிக்கெட்டைத் தள்ளிப்போடு. நாளைக்கும் நான் உன் அம்மாவுக்குக் கதை சொல்லவேண்டும்.