மாமாவைப் பிடிக்கப் போன வெள்ளை ஜீப்

எனக்குச் சந்தேக புத்தி. மறைத்துப் பயனில்லை. தர்பூசணியை வெட்டிக் காட்டச் சொல்வேன், காட்டிய பிறகு பக்கத்தில் இருப்பதை வாங்குவேன் (இதை மட்டும் ஏன் வெட்டினான்?). அப்படிப்பட்டவளிடம் போய் என் அப்பாகூடப் பிறந்த அத்தை ஒவ்வொரு முறையும் போனில், "மாமா நல்லாத்தேன் இருக்காகத்தா" என்றால் நம்புவேனா?

மாமாவுக்குப் பல வருட மூச்சிரைப்பு. வாயில் அடித்துக்கொள்ளும் பம்ப் இல்லாமல் வாசல்வரைகூடப் போக மாட்டார். அத்தைக்குச் சர்க்கரை. அந்த வீட்டில் எல்லாரும் நலம் என்றால் எங்கோ இடிக்கிறதே! மாமாவுக்கு ஏதோ முற்றிவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று தோன்றியது. சொல்லாமல் போய்க் கையும் களவுமாகப் பிடிப்பது என்று, சிவகாசி வட்டாரத்தில் எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊருக்கு ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து கிளம்பினோம்.

எங்கள் கார் பட்டறையில் கிடந்ததால் என் கணவர் நண்பரிடம் ஜீப் இரவல் வாங்கினார். வெள்ளை ஜீப். அரசாங்க ஏலத்தில் எடுத்தது. முன்னால் 'அரசு வாகனம்' என்று எழுதியிருந்ததைச் சுரண்டியிருந்தார்கள். சுரண்டிய பிறகும் தெருமுனையிலிருந்தே வாசிக்கலாம். இவரோ சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்தார். எனக்குத் தூசி ஆகாது என்பதால் மாஸ்க், கறுப்புக் கண்ணாடி. பட்டாசு ஊருக்குள் இந்தக் கோலத்தில் யார் வருவார்கள் என்று யோசிக்க எங்கள் இருவருக்கும் அறிவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு கதவு சாத்திக்கொண்டது. அடுத்ததும் சாத்திக்கொண்டது. ஒரு பெண் மடியில் எதையோ அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். அத்தை சமீபத்தில்தான் வீடு மாறியிருந்தாள். புது வீடு எனக்குத் தெரியாது. போன் போட்டால் எடுக்கவில்லை. டீக்கடையில் விசாரித்தேன்.

"அண்ணே, மூச்சிரைப்புக்காரர் முத்தையா வீடு எங்கன இருக்கு?"

"அப்படி யாரும் இந்த ஊர்ல இல்லையேம்மா."

"பட்டாசுக் கம்பெனியில வேலை பார்த்தவர்ணே."

"பட்டாசா?" கடைக்காரர் அந்தச் சொல்லையே இப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல விழித்தார். (சிவகாசிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு!)

என் சந்தேகம் தலைக்கேறியது. குடத்தோடு வந்த ஒரு பெண்ணை மறித்தேன். அவள் என் கண்ணாடியைப் பார்த்தாள், ஜீப்பைப் பார்த்தாள், முகத்தைச் சோகமாக்கிக்கொண்டாள்.

"முத்தையா அண்ணனா? பாவம், தவறிப்போயி ரெண்டு மாசமாச்சே. நீங்க வந்த வழியே போங்க."

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" என்று கணவரிடம் வெற்றியோடு திரும்பினேன். அதற்குப் பிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்பது உறைத்தது. மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்தேன். "ஐயோ மாமா! உங்க முகத்தைக்கூடப் பார்க்கலையே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினேன். சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செக்கிங்குக்கு வந்த ஆபீசர் ஒப்பாரி வைத்ததை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

அப்போது தெருக்கோடியில் இருந்த வேலிக்கருவைப் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ, நம்ம மருமக சத்தமால்ல இருக்கு?"

செத்துப்போன என் மாமா, தலையில் ஒரு சாக்கோடு எழுந்து வந்தார்! பின்னாலேயே இன்னொரு சாக்கோடு அத்தை. இரண்டிலும் வீட்டில் வைத்துப் பின்னிய சரவெடி. வீட்டில் பின்னக் கூடாது, பிடித்தால் கேஸ். வெள்ளை ஜீப் வருகிறது என்றதும் இரண்டு நோயாளிகளும் மூட்டையோடு புதருக்குள் ஓடியிருக்கிறார்கள்.

மாமா அங்கேயே சரிந்து உட்கார்ந்தார். உதடு நீலமாகிவிட்டது. பம்ப்பைப் பிடிக்கக்கூட முடியவில்லை. நான்தான் பிடித்து அடித்துவிட்டேன். போனில் கேட்ட 'நல்லாத்தேன் இருக்காக' எவ்வளவு பெரிய பொய் என்று அப்போது தெரிந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த வெடிமருந்து நெடி உங்க மூச்சுக்கு ஆகுமா மாமா? கூறு இருக்கா உங்களுக்கு?"

"கம்பெனியில இனி சேக்க மாட்டாங்க. பம்ப்பு வாங்கணும்ல?" என்றாள் அத்தை, தரையைப் பார்த்தபடி.

குடத்துக்காரி என் தோளைத் தொட்டாள். "கோவிச்சுக்கிராதீகக்கா. செத்த ஆளைப் பிடிக்க மாட்டாகன்னுதேன் சொன்னேன்."

மாமாவுக்கு மூச்சு திரும்பியது. சிரித்தார். "போகட்டும் மருமகளே. செத்த பெறகு கேக்க முடியாத அழுகைய உசுரோட கேட்டுட்டேன். உங்க அத்தைகூட இம்புட்டு அழ மாட்டா."

நான் மறுபடியும் அழுதேன்.

சாக்குகளை அவர்கள் விட்டதும், பம்ப் வாங்கித் தரும் வேலை என்னிடம் வந்ததும் ஒரே நாளில் நடக்கவில்லை. சண்டை போட்டுத்தான் நடந்தது. அந்த ஊரில் இன்றுவரை எனக்கு 'ஆபீசரம்மா' என்றுதான் பெயர்.

போன மழைக்காலத்தில் மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தார். வார்டுக்குள் நான் நுழைந்ததும் முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், செக்கிங் வந்துட்டாக!"

அந்தப் பெண் பதறிப்போய் மேஜையில் இருந்ததை எல்லாம் அள்ளி மடியில் கட்டப் போனாள். அவளும் சிவகாசிப் பக்கத்துப் பெண்தான்.